தண்டவாளம் நீங்கிய பாதையில் குளூனி நோக்கி

பாரிசில் வாழும் எம்மவர் ஒருவரிடம், பிரான்சு எப்படி இருக்கிறது என்று ஊரிலிருந்து யாரேனும் கேட்டால், அவர் விவரிப்பது பெரும்பாலும் லா சப்பல் கடைத்தெருவை. நிலக்கீழ்ப் புகையிரதத்தின் நெரிசலை. உணவகத்துக் குசினியின் வெக்கையை. விடியுமுன் பத்திரங்களோடு நின்ற ஏதோவொரு வரிசையை. அவர் பொய் சொல்லவில்லை. அவர் கண்ட பிரான்சு அதுதான். பத்து வருடம், பதினைந்து வருடம் இந்நாட்டில் உழைத்தும், புறநகர்ப் புகையிரதத்தின் கடைசித் தரிப்பிடத்துக்கு அப்பால் இந்நாடு எவ்வாறு விரிந்து கிடக்கிறது என்பதைப் பாராதோர் எம்மிடையே ஏராளம்.

நாமும் அண்மைக்காலம் வரை அவ்வகையினரே. கடந்த வைகாசியில் மூன்று நாட்கள் துவிச்சக்கர வண்டியில் பூர்கோன் மாநிலத்துக் கிராமங்களூடாகப் பயணம் செய்யும் வாய்ப்பு எமக்குக் கிட்டியது. கிட்டியது என்பதைவிட, ஒருவர் எம்மை இழுத்துச் சென்றார் என்பதே பொருந்தும்.

அவர் கொக்குவில் ஸ்ரேசனடியில் சைக்கிள் திருத்தும் கடை வைத்திருந்தவர். வயது அறுபதைத் தாண்டிவிட்டது. பதினான்கு வருடங்களாகப் பாரிசில் உணவகமொன்றில் பாத்திரம் கழுவுகிறார். மனைவியும் மகளும் இன்னமும் ஊரில் இருப்பதால் தமது பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். ஆகவே அவரை இங்கு அண்ணை என்றே குறிப்போம். நாம் அவரை அழைப்பதும் அவ்வாறே. எமது பழைய பல்கலைக்கழகத் தொழிலை மனதிற்கொண்டு அவர் எம்மை மாஸ்ரர் என்பார். விரிவுரையாளருக்கும் மாஸ்ரருக்கும் வித்தியாசம் உண்டென்று ஒருமுறை சொல்லிப் பார்த்தோம். பயனில்லை.

அவருக்குச் சம்பளத்துடனான விடுமுறை எஞ்சியிருந்தது. வைகாசி முடிவதற்குள் எடுக்காவிட்டால் அது கைநழுவிப் போகும். விடுமுறையை எம்மவர் பலர் இன்னொரு வேலைக்கான நாட்களாகவே கருதுகின்றனர். ஊரில் வீடு, இங்கே கடன், இடையில் சீட்டு என்றிருக்கையில் அவர்களைக் குறை கூறவும் இயலாது. எனினும் அந்த உரிமை எவ்வாறு வந்தது என்பதை அறிந்திருத்தல் நன்று. 1936ஆம் ஆண்டில் நாடெங்கும் தொழிலாளர் தொழிற்சாலைகளைக் கைப்பற்றி அமர்ந்து வேலைநிறுத்தம் செய்த பின்னர், லெயோன் புளூம் தலைமையிலான மக்கள் முன்னணி அரசாங்கம் இரண்டு வாரச் சம்பளத்துடனான விடுமுறையைச் சட்டமாக்கியது. அது படிப்படியாக நீண்டு 1982இல் ஐந்து வாரமாயிற்று. 1936 கோடையில் முதன்முதலாக விடுமுறை பெற்ற தொழிலாளரிற் பலர் கார் வைத்திருந்தவர்கள் அல்லர். இருவர் மிதிக்கும் நீண்ட சைக்கிள்களிலும், பின்னால் மூட்டை கட்டிய சாதாரண சைக்கிள்களிலுமே அவர்கள் தமது சொந்த நாட்டைப் பார்க்கப் புறப்பட்டனர். இதை அண்ணைக்குச் சொன்னபோது சற்றே யோசித்தார். "அப்ப எங்கட ஆக்கள்தான் மாஸ்ரர்" என்றார்.

பசும்பாதை

நாம் தேர்ந்தது ஷலோன்-சூர்-சோன் நகரிலிருந்து குளூனி ஊடாக மாக்கோன் நகர் வரை செல்லும் பாதை. ஏறத்தாழ 75 கிலோமீற்றர். பிரெஞ்சுக்காரர் இத்தகையவற்றை 'வுவா வெர்த்' என்பர்; பசும்பாதை எனத் தமிழாக்கலாம். 1997ஆம் ஆண்டு ஜிவ்றி என்னும் சிற்றூரிலிருந்து குளூனி வரை 44 கிலோமீற்றருக்குத் திறந்து வைக்கப்பட்ட பகுதி, நாட்டின் இவ்வகைப் பாதைகளுள் முன்னோடியாகக் கருதப்படுகிறது. மோட்டார் வாகனம் எதுவும் இதில் ஓடலாகாது. நடப்போர், சைக்கிளோடுவோர், குதிரையில் செல்வோர் ஆகியோருக்கே உரியது. 2004இல் வீதிச் சட்டத்திலேயே இதற்குத் தனி இடம் அளிக்கப்பட்டது.

இப்பாதை புதிதாக வெட்டப்பட்டதன்று. புகையிரதம் ஓடிய தடம் இது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரான்சு தன் கிராமங்களையெல்லாம் இருப்புப்பாதையால் இணைத்தது. இருபதாம் நூற்றாண்டில் காரும் லொறியும் பெருகவே அவற்றிற் பல கைவிடப்பட்டன. தண்டவாளத்தைப் பெயர்த்தபின் எஞ்சிய மேட்டின்மீது தார் இட்டுச் சைக்கிளுக்கு விட்டனர். இதிலொரு வசதி உண்டு. இரும்புச் சில்லு இரும்புத் தண்டவாளத்தில் வழுக்கும் ஆதலால், புகையிரதப் பாதையைச் செங்குத்தாக அமைக்க முடியாது. குன்றை வெட்டியும் பள்ளத்தை நிரப்பியும் சமமாகவே கொண்டு செல்வர். அன்று நீராவி எஞ்சினுக்காகப் பட்ட பாடு, இன்று மூட்டுவலிக்காரரான எமக்கு உதவுகிறது. சுற்றிலும் குன்றுகள் இருக்க, நாம் மாத்திரம் சமதரையில் மிதித்துச் சென்றோம்.

பாரிசின் பெர்சி நிலையத்திலிருந்து ஷலோனுக்குச் சாதாரண மாநிலப் புகையிரதம் உண்டு. அதிவேக வண்டியைப் போல் இரு மடங்கு நேரம் எடுக்கும். ஆனால் சைக்கிளை ஏற்றலாம், கட்டணமும் தாங்கக்கூடியது. எமது சைக்கிள் இரண்டும் பழைய பொருட் சந்தையில் வாங்கியவை. வாங்குமுன் அண்ணை ஒவ்வொன்றையும் தலைகீழாகக் கவிழ்த்துச் சில்லைச் சுற்றிவிட்டுக் கண்ணை ஒடுக்கிப் பார்த்த பார்வையில், விற்க வந்தவர் தாமாகவே விலையைக் குறைத்தார்.

ஷலோன் நகரில் நாம் தங்கியது அரைநாளே. எனினும் அங்குள்ள நியெப்ஸ் நூதனசாலையைக் காணாது புறப்படலாகாது. உலகின் முதற் புகைப்படத்தை எடுத்தவராகப் போற்றப்படும் நிசெபோர் நியெப்ஸ் 1765இல் இந்நகரிற் பிறந்தவர். அருகிலுள்ள தமது வீட்டுச் சன்னலிலிருந்து 1827ஆம் ஆண்டளவில் அவர் பதிவு செய்த கூரைகளின் மங்கிய உருவமே இன்று எம் ஒவ்வொருவர் கைத்தொலைபேசியிலும் நிறைந்து கிடக்கும் படங்களின் மூதாதை. ஆனால் அண்ணையை அங்கு கட்டிப்போட்டது படமன்று. ஜேர்மனியரான டிறைஸ் 1817இல் அமைத்த, மிதிகட்டை இல்லாத, காலால் நிலத்தை உந்தி ஓடும் இருசில்லு மரவண்டியை நியெப்ஸ் 1818இல் தாமும் செய்து, இருக்கையை உயர்த்தவும் தாழ்த்தவும் வசதி செய்து, இவ்வூர் வீதிகளில் ஓட்டினார். அந்த மரவண்டியைச் சுற்றி அண்ணை மூன்று தரம் வந்தார். செயின் இல்லை, பிறேக் இல்லை, ரயர் இல்லை என்று விரல்விட்டு எண்ணினார். "தொண்ணூற்றிரண்டிலை எங்கட ஊரிலை ஓடின சைக்கிளும் ஏறக்குறைய இப்பிடித்தான்" என்றார்.

அவர் சொன்னதன் பொருளை எமது வயதினருக்கு விளக்க வேண்டியதில்லை. 1990இன் பின் பொருளாதாரத் தடையால் குடாநாட்டில் எரிபொருள் அற்றுப்போன காலத்தில், யாழ்ப்பாணம் முழுவதும் சைக்கிளிலேயே இயங்கியது. விறகும், நெல்மூட்டையும், நோயாளியும், கலியாணப் பெண்ணும் சைக்கிளிலேயே சென்றனர். மின்சாரம் இல்லாததால் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து மிதிகட்டையைக் கையாற் சுற்றி, டைனமோ மின்னில் வானொலிச் செய்தி கேட்டோம். நாம் அப்போது பள்ளி மாணவர். சுற்றும் வேலை எம்முடையது. செய்தி முடியும்வரை கை ஓயலாகாது.

கோட்டைக் கடந்து

ஜிவ்றியைத் தாண்டியதும் திராட்சைத் தோட்டங்கள் தொடங்குகின்றன. இருபுறமும் சரிவுகளில் வரிசை வரிசையாய்க் கொடிகள். இடையிடையே மஞ்சள் நிறக் கல்வீடுகளும் கூர்நுனிக் கோபுரங்களும். புஸ்ஸி கடந்தபின் தோட்டம் குறைந்து புல்வெளி விரிகிறது. அதில் வெள்ளை மாடுகள். சரோலே எனப்படும் இவ்வினத்துக்கு இப்பகுதியே தாயகம். ஒரு புள்ளி கறுப்போ சிவப்போ இல்லாமல் அத்தனையும் வெள்ளையாய் நிற்பது எமக்குப் புதுமை.

அமைதியைப் பற்றி எழுதுதல் கடினம். சில்லு உருளும் ஓசையும், தூரத்துக் குயிலும், எப்போதாவது ஒரு மாட்டு மணியும் தவிர வேறொன்றும் கேளாத அந்த முதல் மணித்தியாலத்தில், அண்ணை அடிக்கடி பின்னால் திரும்பிப் பார்த்தார். வாகனம் ஏதும் வருகிறதா என்று பார்க்கிறார் என எண்ணினோம். மூன்றாம் முறை கேட்டதற்கு, "ஒண்டும் கேக்காட்டில் தான் எனக்குப் பயம் மாஸ்ரர்" என்றார். வானில் எதுவும் கேளாத நேரத்தில்தான் எல்லோரும் காதைக் கூர்மையாக்கிக்கொண்டு நின்ற காலமொன்று எமக்கும் நினைவிருந்தது. புஸ்ஸிக்கு அப்பால் அவர் திரும்பிப் பார்க்கவில்லை. நாம் அதைக் கவனித்தோம், அவரிடம் சொல்லவில்லை.

இந்நிலம் எப்போதும் இவ்வளவு அமைதியாக இருந்ததன்று. 1940 யூன் 22ஆந் திகதி பிரான்சு ஜேர்மனியிடம் பணிந்து போர்நிறுத்தம் ஒப்பியபோது நாடு இரண்டாகப் பிளக்கப்பட்டது. வடக்கும் அத்திலாந்திக் கரையும் ஜேர்மன் படையின் கீழ். தெற்கு விஷி அரசின் கீழ். இரண்டையும் பிரித்த எல்லைக்கோடு சுவிஸ் எல்லையிலிருந்து டோல், ஷலோன், டிகுவான், மூலன் வழியாக மேற்கே சென்று, பின்னர் தெற்கே பிரனே மலையடிவாரம் வரை ஓடியது. அக்கோட்டைக் கடக்க ஜேர்மனியர் வழங்கும் அனுமதிச் சீட்டு வேண்டும். கடிதத்துக்கும் தடை, சில காலம் அச்சிட்ட அட்டையில் பொருந்தாத சொற்களை வெட்டித்தான் உறவினருக்குச் செய்தி அனுப்பலாம். சீட்டில்லாதோரை இரவில் ஆற்றையும் வயலையும் கடத்திவிடும் வழிகாட்டிகள் தோன்றினர். காசுக்குச் செய்தோரும் உண்டு, காசு வாங்காது செய்து சுடப்பட்டோரும் உண்டு. 1942 நவம்பரில் ஜேர்மன் படை தெற்கையும் பிடித்தபின் கோட்டின் பயன் குன்றி, 1943இல் நீங்கியது.

ஆகவே ஷலோனிலிருந்து குளூனிக்கு மிதிப்பவர், அன்றைய அடிமைப் பகுதியிலிருந்து அன்றைய 'சுதந்திர' பகுதிக்கு மிதிக்கிறார். எவ்விடத்தில் கடந்தோம் என்பது எமக்கே தெரியவில்லை. பாஸ் எடுத்துப் பயணம் செய்து, பாஸ் கிடையாமல் கிளாலியில் இருளில் படகேறிய மக்களுக்கு, ஒரு கோடு இவ்வளவு தடமின்றி அழிந்துபோகலாம் என்பது சற்று நம்பமுடியாததாகவே இருக்கிறது.

சென் புவால் கிராமத்தருகே உரோமர் காலக் கற்சுரங்கம் ஒன்று உண்டு. கல்லைப் பிளந்த உளியின் வரிகள் பாறையில் இன்னமும் தெரிகின்றன. அதைப் பார்த்துத் திரும்பியபோது எமது பின்சில்லு காற்றுப்போய்க் கிடந்தது. அண்ணையின் முகத்தில் தோன்றிய மகிழ்ச்சியை மறைக்க அவர் முயலவுமில்லை. பையிலிருந்து கரண்டி, அரத்தாள், சொலுசன், ஒட்டு எல்லாவற்றையும் எடுத்துத் துணிவிரித்துப் பரப்பினார். தண்ணீருக்கு எமது குடிபோத்தல் காலியாயிற்று. அவ்வழியே வந்த வயது முதிர்ந்த பிரெஞ்சுத் தம்பதியர் உதவி வேண்டுமா என்று இறங்கினர். பின் உதவி வேண்டியவர்கள் தாமே என்பதைக் கண்டுகொண்டனர். அம்மையாரின் கியர் கம்பி இரண்டு நாளாக இழுபடவில்லையாம். அண்ணை அதையும் சரிசெய்தார். எங்கே பழகினீர்கள் என்று கேட்டபோது, "ஷே முவா" என்றார். என் வீட்டில். பதினான்கு வருடத்தில் இந்நாட்டவர் ஒருவர் அவரது தொழிலைப் பற்றிக் கேட்டது இதுவே முதல் தடவை என்று பின்னர் சொன்னார். பாத்திரம் கழுவுவதை அவர் தொழிலாகக் கணக்கிடுவதில்லை.

அன்றிரவு கோர்மத்தன் அருகே கூடாரத்தில் தங்கினோம். அவ்வூர்க் கோட்டைமாளிகை பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டப்பட்டது; அக்காலத்துப் பொன்வண்ண ஓவிய அறைகள் அப்படியே காக்கப்பட்டுள்ளன. அகழியும் பூந்தோட்டமும் அழகியவைதாம். ஆயினும் பிரபுக்களின் படுக்கையறைகளில் எமக்கு ஆர்வம் குறைவு, வாசகர் மன்னிக்க.

அடைக்கலம் கொடுத்த இரு இடங்கள்

மறுநாட் காலை, நாலைந்து கிலோமீற்றரில், வலப்புறக் குன்றின்மேல் தெய்சே கிராமம். இன்று கோடைதோறும் பல நாட்டு இளைஞர் வாரம் வாரமாக வந்து தங்கும் கிறிஸ்தவத் துறவியர் இல்லம் அங்குள்ளது. அதன் தொடக்கமே எம்மை ஈர்த்தது. 1940 ஓகஸ்ட் மாதம், றொஜே ஷுட்ஸ் என்னும் இருபத்தைந்து வயதுச் சுவிஸ் இளைஞர் சைக்கிளில் வீடு தேடி இப்பகுதிக்கு வந்தார். சொல்லப்பட்ட எல்லைக்கோடு சற்று வடக்கே. கோட்டைக் கடந்து ஓடிவருவோர், அவர்களுள் யூதர் பலர், தங்க இடமின்றி அலைந்தனர். அவர் அங்கே ஒரு வீட்டை வாங்கித் தம் சகோதரி ஜெனெவியேவுடன் சேர்ந்து அவர்களை மறைத்து வைத்தார். 1942 நவம்பரில் அவர் சுவிஸ் சென்றிருந்த வேளை வீடு காட்டிக்கொடுக்கப்பட்டது. திரும்ப வேண்டாமெனச் செய்தி கிடைத்தது. 1944இல்தான் மீண்டார். மீண்டு வந்து செய்தது வியப்புக்குரியது: அருகில் அடைக்கப்பட்டிருந்த ஜேர்மன் போர்க்கைதிகளுக்கு ஞாயிறுதோறும் உணவளித்தார். 2005 ஓகஸ்ட் 16ஆந் திகதி, தமது தொண்ணூறாவது வயதில், மாலை வழிபாட்டின்போதே மனநிலை பிறழ்ந்த ஒருவரால் கத்தியாற் குத்தப்பட்டு இறந்தார். 2015இல் கலே முகாமிலிருந்து வந்த அகதி இளைஞர்களையும் இவ்வில்லம் ஏற்றது.

மதிய வழிபாட்டுக்கு மணி அடித்தபோது உள்ளே சென்றோம். எம்மை யாரும் எவரென்று கேட்கவில்லை. எல்லோரும் தரையில் அமர்ந்திருந்தனர். ஒரே வரியைப் பல மொழிகளில் திரும்பத் திரும்பப் பாடுகின்றனர். எமது பஜனையைப் போல. அண்ணை சைவர், வெள்ளிக்கிழமை மச்சம் தொடாதவர். சப்பணமிட்டு அமர்ந்து கண்ணை மூடிக்கொண்டார். வெளியே வந்தபின், "நிலத்திலை இருக்க விட்டாங்கள், அது போதும்" என்றார்.

குளூனி அங்கிருந்து ஒரு மணித்தியாலம் கூட இல்லை. 910இல் அக்கித்தேன் பிரபு கியோம் துறவியருக்கு இந்நிலத்தைக் கொடுத்தபோது, எந்தச் சிற்றரசனும் ஆயனும் இதில் கைவைக்கலாகாது என்று சாசனத்தில் எழுதினார். அச்சுதந்திரத்தினாலேயே அது வளர்ந்தது. 1088இல் ஊக் என்னும் மடாதிபதி தொடங்கிய மூன்றாவது தேவாலயம் 187 மீற்றர் நீளம். உரோமில் இன்றைய புனித பேதுரு ஆலயம் எழும்பும்வரை கிறிஸ்தவ உலகில் அதனிலும் பெரிய கோயில் இல்லை.

இன்று அது இல்லை. 1562இல் மதப்போரில் மடம் சூறையாடப்பட்டு நூலகம் சிதைந்தது. பிரெஞ்சுப் புரட்சியின்போது துறவியர் வெளியேற்றப்பட்டனர். 1798இல் கட்டடம் தேச உடைமையாக வியாபாரிகளுக்கு விற்கப்பட்டது. அவர்கள் அதை விலை பேசியது கோயிலாக அன்று, கற்குவியலாக. ஏறத்தாழ இருபத்தைந்து வருடம் அதைக் கல் கல்லாகப் பெயர்த்தும் வெடிவைத்தும் விற்றனர். நடுவே ஒரு தெரு வெட்டப்பட்டது. அக்கல்லைக் கொண்டு நெப்போலியன் காலத்துக் குதிரைலாயமும் அவ்வளாகத்திலேயே எழுந்தது. எஞ்சியது பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு: தெற்குச் சிறகும் எண்கோணக் கோபுரம் ஒன்றும்.

இருந்தும் மக்கள் வருகின்றனர். இல்லாததைப் பார்ப்பதற்கென்றே வருகின்றனர். அமெரிக்கரான கெனத் கொனன்ட் 1928இலிருந்து 1950வரை இங்கு அகழ்ந்து, எந்தத் தூண் எங்கு நின்றது என அளந்து வரைந்தார். நாம் முகப்புப் படியில் நின்று, வெறும் வானத்தினூடாக, தூரத்தே தனித்து நிற்கும் அந்தக் கோபுரத்தைப் பார்த்தோம். இடையில் இருந்ததெல்லாம் போய்விட்டது. எஞ்சிய சிறகினுள் நின்று மேலே பார்த்தால் கூரை ஏறத்தாழ முப்பது மீற்றர் உயரத்தில். அந்த ஒரு துண்டிலிருந்து முழுவதையும் கணக்கிட்டுக்கொள்ள வேண்டும். 1981இல் எரிந்த யாழ் நூலகத்தின் சாம்பலைப் பார்க்க எமக்கு வயது போதவில்லை. ஆயினும் எதெது இருந்தது என்று பட்டியலிட முயன்ற முதியவர்கள் சிலரைப் பிற்காலத்தில் கண்டிருக்கிறோம். கொனன்டின் வரைபடங்களைப் பார்த்தபோது அவர்கள் முகமே முன்வந்தது. எம்மவரிடம் இத்தகைய அளவெடுப்பு இன்னும் போதாது என்பது எமது கருத்து. அழுவதில் நாம் வல்லவர், அளப்பதில் அல்லர்.

குளூனியும் ஓர் அகதியை ஏற்றிருக்கிறது. பாரிசின் புகழ்பெற்ற ஆசிரியரான பீற்றர் அபேலார், 1140ஆம் ஆண்டளவில் சான்ஸ் நகரச் சங்கத்தில் கண்டனத்துக்குள்ளாகி, உரோமுக்கு முறையிடச் செல்லும் வழியில் நோயுற்று இங்கு வந்தார். மடாதிபதி பியேர் அவரைத் தடுத்துத் தங்கவைத்தார். அவரை எதிர்த்தவருடன் சமாதானமும் செய்துவைத்தார். இதே பியேர்தான் திருக்குர்ஆனை முதன்முதலாக இலத்தீனில் மொழிபெயர்க்கச் செய்தவர். 1143இல் அப்பணி நிறைவேறியது. எதிர்த்து வாதாடுவதற்காகச் செய்வித்தார் என்பது உண்மை. ஆனாலும் முதலில் படிக்க வேண்டும் என்று நினைத்தாரே! அபேலார் 1142இல் ஷலோன் அருகே சென் மார்செல் மடத்தில் இறந்தார். எலோயீசுடன் அவர் துயில்வதாகக் கருதப்படும் கல்லறை பாரிசில், பெர் லாஷேஸ் மயானத்தில் உள்ளது; பல தடவை அதன் அருகால் வேலைக்குப் போயிருக்கிறோம். விரிவுரை மண்டபத்தை இழந்த ஒருவர் எவ்விடத்தில் ஒதுங்கினார் என்பதை அறிய எமக்கு இத்தனை வருடமும் ஒரு சைக்கிளும் தேவைப்பட்டன.

குகையும் அப்பாலும்

மூன்றாம் நாள், புவா கிளேர் குன்றின் அடியில் 1.6 கிலோமீற்றர் நீளக் குகைப்பாதை. மாரிகாலத்தில் வௌவால்கள் உறங்குவதால் அதை மூடிவிடுவர். அப்போது குன்றின்மேல் ஏறித்தான் கடக்கவேண்டும். வெளியே வெயில், உள்ளே குளிர். வாசலில் அண்ணை இறங்கி நின்றார். பங்கர் நினைவு என்று சொல்லவில்லை, காலணியைக் கட்டினார். பின்னர் ஏறி, மறுவாசல் வரும்வரை மணியை விடாமல் அடித்துக்கொண்டே ஓடினார். எதிரே ஒருவரும் வரவில்லை.

குன்றுக்கு அப்பால் அதிவேகப் புகையிரதப் பாதை குறுக்கிடுகிறது. 1981இல் திறக்கப்பட்டது. பாரிசிலிருந்து லியோனுக்குக் கலியாணவீட்டுக்கும் அந்தியேட்டிக்கும் விரைந்த எம்மவர் எத்தனையோ பேர் இவ்விடத்தை ஒரு கணத்தில் கடந்திருப்பர். நாம் பார்த்திருக்கவே ஒன்று சீறிப் போயிற்று.

செல்ல விரும்புவோருக்குச் சில குறிப்புகள். சித்திரைக் கடைசி முதல் புரட்டாதி வரை உகந்த காலம். மாநிலப் புகையிரதங்களில் சைக்கிளுக்கு இடம் குறைவு. சில சேவைகளில் கோடைக்கு முன்பதிவு வேண்டும், முன்னரே விசாரிக்குக. பிள்ளைகளோடு செல்வோர்க்கு இதனிலும் பயமற்ற பாதை கிடையாது. ஆனால் கிராம வீதிகள் குறுக்கிடும் இடங்களில் இறங்கிப் பார்க்க வேண்டும். குளூனி மடத்தில் பதினெட்டு வயதுக்குட்பட்டோருக்கு இலவசம். வேலை தேடுவோராகப் பதிந்தோர் அத்தாட்சியைக் காட்டிக் கேட்டுப்பார்க்கலாம். வதிவிட அட்டையோ தஞ்சக் கோரிக்கைச் சான்றோ கையிலிருக்கட்டும். விடுதிகளில் தங்கவைக்கப்பட்டுள்ள தஞ்சக் கோரிக்கையாளர் புறப்படுமுன் தமது சமூகப் பணியாளரிடம் கேட்டுக்கொள்வது நன்று. ஞாயிறு பிற்பகல் கிராமங்களில் ஒரு கடையும் திறந்திராது. நாம் கட்டிச்சென்ற புட்டும் கட்டைச்சம்பலும் இரண்டாம் நாள் மதியத்தோடு முடிந்து, மூன்றாம் நாள் பாணும் ஆட்டுப்பால் கட்டியுமாய்க் கழிந்தது.

மாக்கோன் லமார்த்தினின் ஊர். 1848இல் அடிமை முறையை ஒழித்த தற்காலிக அரசாங்கத்தில் முதன்மையானவராக இருந்த கவிஞர். அவரைப் பற்றி இன்னொருமுறை. நாம் நிலையத்தை அடைந்தபோது வண்டிக்கு இன்னும் நாற்பது நிமிடம் இருந்தது. அண்ணை மேடையிலிருந்தே மகளுக்கு அழைப்பெடுத்தார். வழிநெடுகப் பிடித்த படங்களில் பழைய ஸ்ரேசன் கட்டடங்களையே அதிகம் அனுப்பியிருந்தார்.

"இஞ்சை தண்டவாளத்தைக் கிளப்பிப்போட்டுச் சைக்கிள் ஓட விட்டிருக்கினம் பிள்ளை" என்றார்.

எமது பகுதியிலும் கிளப்பினார்கள். 1990 ஆனியில் யாழ்தேவி நின்றபின் தண்டவாளமும் சிலிப்பர் கட்டைகளும் பங்கர்களுக்குப் போயின. வெறும் மேட்டின்மீது நாம் பள்ளிக்கு நடந்தோம். 2014 ஒக்ரோபரில்தான் மீண்டும் வண்டி யாழ்ப்பாணம் வந்தது. அண்ணை அதைப் பார்த்தவரல்லர்.

"கொக்குவில் ஸ்ரேசனடியிலை எங்கட கடை இருந்த இடத்திலை இப்ப என்ன இருக்கு?" என்று கேட்டார்.

"ஃபோன் கடை அப்பா."

"அப்ப சைக்கிள் காத்துப்போனால் சனம் எங்கை போகுது?"

மறுமுனையில் மகள் சிரித்துக்கொண்டு ஏதோ சொன்னாள். மேடை அறிவிப்பில் எமக்குக் கேட்கவில்லை. அண்ணை தலையை ஆட்டிக்கொண்டு தொலைபேசியைச் சட்டைப்பையில் இட்டார். வண்டி வருமுன் எமது பின்சில்லை ஒருதரம் அமுக்கிப் பார்த்தார். ஒட்டு நின்றிருந்தது.